உயரம் 5 அடி 1 அங்குலம், முதல் கியர் வண்டி: எதை வாங்கலாம்?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் சொல்கிறேன். வயது 31, உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 48 கிலோ. வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. இவர் காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறார், போக வர தினமும் 30 கிலோமீட்டர் ஆகிறது. சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டால் வீடு சேர எட்டு மணி, அதுவரை ஆறு வயது மகள் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் காத்திருக்கிறாள். வாரம் ஒருமுறை அம்மா வீட்டுக்குப் போக வேண்டும், அது மெயின் ரோட்டிலிருந்து உள்ளே 4 கிலோமீட்டர் செம்மண் பாதை. போன வருஷம் கொழுந்தனார் தன்னுடைய 150 சிசி வண்டியில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, முதல் நாளே திருப்பும்போது வண்டி சாய்ந்து இவருடைய இடது காலில் விழுந்துவிட்டது. அதோடு நிறுத்திவிட்டார்.

"அண்ணே, ஸ்பிளெண்டர், ஷைன் 100, டிவிஎஸ் ஸ்போர்ட், பிளாட்டினா, இந்த நாலில் எது எனக்குச் சரி? வீட்டில் எக்ஸ்எல் போதும் என்கிறார்கள், இன்னொருத்தர் ஸ்கூட்டி வாங்கு என்கிறார். எனக்குக் கியர் வண்டி வருமா வராதா, நேராகச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

வரும் தங்கச்சி. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் பேலன்ஸ் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதி கிளட்ச்சும் பிரேக்கும்தான், அது கைப்பழக்கம். நான் 24 வருஷமாகக் காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன், சாயங்காலங்களில் ஓட்டவும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆளுக்குப் பொருந்தாத வண்டியில் ஏறிவிட்டுத் தனக்கு வராது என்று முடிவுகட்டியவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த விழுந்த விஷயத்தைப் பார்ப்போம், ஏனென்றால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது. மெதுவாகப் போகிறீர்கள், ஹேண்டில்பார் திரும்பியிருக்கிறது, பயத்தில் வலது கை முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கிறது. வண்டி அங்கேயே நின்றுவிடும், எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அந்தப் பக்கமே சாயும். அந்த ஒரு நொடியில் பாதம் தரையில் பதிந்துவிட்டால் வண்டி சாயாமல் நின்றுவிடும். கட்டைவிரல் நுனி மட்டும் தொட்டால், அதுவும் வண்டி 150 கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தால், சாய ஆரம்பித்த பிறகு பலசாலியாலும் பிடிக்க முடியாது. உங்கள் கொழுந்தனார் உயரமானவராக இருப்பார், அவருக்கு அது தெரிந்திருக்காது. அவர்மேல் வருத்தம் வேண்டாம்.

எனக்கும் இதே கதைதான். 18 வயதில் மாமாவின் பெரிய வண்டியில், கோவிலூர் பக்கம் ஒரு திருப்பத்தில் நிறுத்தினேன். வலது காலை ஊன்றிய இடம் ரோட்டைவிட நாலு விரற்கடை பள்ளம். கால் கீழே போய்க்கொண்டே இருந்தது, தரை வரவில்லை. வண்டி என்மேல் வந்தது, சைலன்சர் கெண்டைக்காலில் பட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் நான் வண்டியைத் தொடவே இல்லை. அதனால்தான் யார் வந்து கேட்டாலும் மைலேஜைப் பேசுவதற்கு முன்னால் "கால் எட்டுதா?" என்று கேட்கிறேன்.

இப்போது எடை. ஷோரூமில் கெர்ப் வெயிட் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், பெட்ரோலும் ஆயிலும் சேர்த்து வண்டியின் எடை. ஓடும்போது 99 கிலோவும் 117 கிலோவும் உங்களுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும்: ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போது, கடை வாசலில் நெருக்கி நிறுத்திய வண்டிகளுக்கு நடுவிலிருந்து பின்னால் இழுக்கும்போது. நம்ம பக்கத்து வீடுகளுக்கு இன்னொன்று உண்டு, வாசல் உயரம். முகப்பில் மூணு படி, நாலு படி இருக்கும், ராத்திரி பலகை போட்டுத்தான் வண்டியை உள்ளே ஏற்ற வேண்டும். வீட்டில் வேறு ஆம்பளை ஆள் இல்லாதபோது அதைத் தள்ளப் போவது நீங்கள்தான். ஷைன் 100-க்கும் ஸ்பிளெண்டருக்கும் உள்ள வித்தியாசம் 13 கிலோ, கிட்டத்தட்ட ஒரு முழு சிலிண்டரில் இருக்கும் கேஸின் எடை. ஷைனுக்கும் கொழுந்தனார் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ரெண்டு சிப்பம் அரிசி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் உடல் எடை அளவுக்கு இன்னொரு எடையைப் போன வருஷம் சுமந்திருக்கிறீர்கள்.

சரி, வண்டிகளுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன நாலும் நல்ல வண்டிகள், நாலுக்கும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பார்ட்ஸ் கிடைக்கும், நாலும் மைலேஜில் உங்களை ஏமாற்றாது. அதனால் அதைப் பேசி நேரத்தைப் போக்க வேண்டாம், உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் எது என்பதை மட்டும் பார்ப்போம்.

ஹோண்டா ஷைன் 100, 2023-ல் வந்தது. எடை 99 கிலோ, சீட் உயரம் 786 மில்லிமீட்டர். நூறு சிசி வண்டிகளில் இவ்வளவு லேசாக வருவது அபூர்வம். ஒல்லியான ஒரு பெண் ஸ்டாண்டை எடுத்துவிட்டு இடுப்பில் சாய்த்துக்கொண்டு தள்ளிப் போவதைப் பார்த்தால் சைக்கிள் தள்ளுவது மாதிரியே இருக்கும். குறை இல்லாமல் இல்லை. திருச்சி – ராமேஸ்வரம் ரோட்டில் எதிரே பஸ் வேகமாகக் கடக்கும்போது அடிக்கிற காற்றில் லேசான வண்டி கொஞ்சம் ஆடும். அந்த நேரம் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முட்டியால் டேங்க்கை அணைத்துக்கொண்டால் வண்டி தானாக நேராகும், இது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ, சீட் 785. ஷைனைவிடக் கனம், ஆனால் உட்காரும் உயரம் ஒன்றுதான். 1994-லிருந்து ஓடுகிற பெயர், நம்ம ஊரில் ஸ்பிளெண்டரைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் கிடையாது. சக்கரம் 18 அங்குலம், மற்ற மூன்றுக்கும் 17. பின் ஷாக் அப்சார்பரை ஐந்து நிலைகளில் மாற்றி வைக்கலாம், உங்கள் எடைக்கு ஆக மென்மையான நிலையில் வைத்தால் சீட் இன்னும் கொஞ்சம் அடங்கும். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், பெரும்பாலும் எப்படி வந்ததோ அப்படியே ஓட்டுவார்கள். அப்புறம் ஸ்பிளெண்டர் என்ஜினே உள்ள எச்எஃப் டீலக்ஸ் விலை குறைவு என்று யாராவது காட்டினால் கவனமாக இருங்கள், அதன் சீட் 805.

டிவிஎஸ் ஸ்போர்ட் 110 சிசிக்குப் பக்கம், எடை 112, சீட் 790. இழுவை மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் கூட. பிளாட்டினா 100 ரொம்ப சொகுசான வண்டி, தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் இடைவெளி, உங்கள் அம்மா வீட்டுச் செம்மண் பாதைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். ஆனால் 117 கிலோ, சீட் 807. ரெண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். உங்கள் உயரத்தில் பாதத்தின் முன்பாதி ஊன்றுவதற்கும் விரல்நுனி மட்டும் தொடுவதற்கும் இடையில் இருப்பது அந்த ரெண்டு சென்டிமீட்டர்தான். நல்ல பழக்கம் வந்த பிறகு பிளாட்டினா ஓட்டுங்கள், கற்றுக்கொள்ள வேண்டாம்.

இந்த அளவுகள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், அதைவிட முக்கியம், அவை பாதிக் கதையைத்தான் சொல்லும். சீட் முன்பக்கம் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் குட்டையாகிவிடும். கனமான ஆள் உட்கார்ந்தால் ஷாக் அப்சார்பர் இறங்கி சீட் தாழும், 48 கிலோவுக்கு அவ்வளவு இறங்காது. ஆகவே தினமும் கடைக்குப் போட்டுப் போகும் அதே செருப்போடு, அதே சுடிதாரோடு போய் உட்கார்ந்து பாருங்கள். முதுகை நேராக வைத்து, ரெண்டு காலையும் இறக்கி, ரெண்டு பாதத்தின் முன்பாதியும் ஊன்றுகிறதா, இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு கால் முழுசாகப் பதிகிறதா என்று பாருங்கள். பிறகு இறங்கி, சென்டர் ஸ்டாண்டு ஒருமுறை போட்டு எடுங்கள், பத்தடி முன்னால் பத்தடி பின்னால் தள்ளுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

எக்ஸ்எல் பற்றி வீட்டில் சொல்வதும் தப்பில்லை. லேசான வண்டி, கியர் இல்லை, கிளட்ச் பிடிக்க வேண்டாம், காலடியில் சாமான் வைக்கலாம். உங்கள் வேலை கானாடுகாத்தானுக்குள்ளோ பள்ளத்தூரிலோ இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். தினமும் 30 கிலோமீட்டர், லாரியும் பஸ்ஸும் ஓடுகிற ரோட்டில், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான், டேங்க்கும் 4 லிட்டர்தான். ஸ்கூட்டர் கற்றுக்கொள்வது சுலபம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஆக்டிவா மாதிரி வண்டியில் முன் சக்கரம் 12 அங்குலம், பின் சக்கரம் 10. செம்மண் சரளையில், மழை பெய்து வண்டித்தடம் விழுந்த பாதையில் சின்னச் சக்கரம் குழியில் இறங்கிவிடும், பெரிய சக்கரம் உருண்டு தாண்டும். அந்த 4 கிலோமீட்டர் இல்லையென்றால் என் பதில் வேறாக இருந்திருக்கலாம்.

என் முடிவு இது. புதுசு வாங்கக் கையில் காசு இருந்தால் ஷைன் 100. 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது, அதனால் புது வண்டி முன்பு இருந்த அளவுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. பழசு போதும் என்றால் ஸ்பிளெண்டர். முதல் ரெண்டு மாதம் வண்டி எப்படியும் ஒரு தடவை சாயும், இண்டிகேட்டர் ஒன்று உடையும், பழைய வண்டியில் அது மனசை உறுத்தாது.

பழசில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதாகப் பாருங்கள். அப்போதிலிருந்துதான் 125 சிசி வரை எல்லா வண்டிகளுக்கும் கூட்டு பிரேக் கட்டாயமானது, பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும், கற்றுக்கொள்கிறவருக்கு அது பெரிய பாதுகாப்பு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து, ஸ்பிளெண்டரில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் போய்விட்டது. அந்த ஒரு வருஷ இடைவெளியில் வந்த ஸ்பிளெண்டரில் கூட்டு பிரேக்கும் இருக்கும், எந்த ஊர் பட்டறையிலும் பிரித்துத் துடைக்கிற கார்புரேட்டரும் இருக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

பார்க்கப் போனதும் முதலில் என்ஜினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியாக இருக்கலாம், ஆறட்டும் என்று காத்திருங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்வது போல இருந்தால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், போய்விட்டது. அதோடு ஓட்டினால் வண்டி நேராகப் போகாது, நீங்கள் உங்களுக்குத்தான் ஓட்ட வரவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியில் உங்கள் கண்ணால் பாருங்கள், பைனான்ஸ் பாக்கி இருந்தால் அது ஆர்சியிலிருந்து நீக்கப்பட்ட பிறகே பணம் கொடுங்கள்.

எந்த வண்டியானாலும் மூன்று வேலை செய்துவிட்டு எடுங்கள். கிராஷ் கார்டு, அதாவது வண்டி சாய்ந்தால் தாங்குகிற முன்பக்க இரும்புக் கம்பி, மாட்டுங்கள், போன தடவை அது இருந்திருந்தால் கால் மாட்டியிருக்காது. பின் சக்கரத்துக்கு சாரி கார்டு இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டைலுக்காகக் கழற்றிவிட்டு விற்கிறவர்கள் உண்டு, துப்பட்டா உள்ளே போனால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மூன்றாவது, கிளட்ச், பிரேக் லீவர் ரெண்டையும் ஹேண்டிலோடு பிடித்திருக்கும் போல்ட்டை, கையால் பலமாகத் தள்ளினால் மட்டும் சுழலும் அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். வண்டி சாய்ந்தால் லீவர் திரும்பிக்கொள்ளும், உடையாது. உங்கள் கை சின்னதாக இருந்தால் கிளட்ச் வயரையும் அதற்குத் தகுந்தபடி சரிசெய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கியர். கொழுந்தனார் வண்டி மாதிரி 150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் முதல் கியர் கீழே, மற்றது மேலே. ஸ்பிளெண்டரில் எல்லாமே முன்னால் மிதிப்பது, குறைக்கக் குதிகால். எதை வாங்கப் போகிறீர்களோ அந்த முறையிலேயே கற்றுக்கொள்ளுங்கள், ரெண்டையும் கலந்தால் அவசரத்தில் கால் குழம்பும்.

பழகுவதற்கு உங்கள் ஊரைப் போல இடம் கிடையாது. கானாடுகாத்தான் தெருக்கள் கோடு போட்டது மாதிரி நேர்நேராக இருக்கும், முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று வீடுகளே நீளமாக நிற்கும், விடிகாலையில் ஆள் நடமாட்டமும் இருக்காது. முதல் நாள் என்ஜினே போட வேண்டாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவைச் சுற்றுங்கள், எதிர்ப்பக்கம் ஒருவரை நிறுத்திக்கொண்டு வண்டியை உங்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள், எந்த இடத்தில் கனக்க ஆரம்பிக்கிறது என்று உடம்புக்குத் தெரியட்டும். ரெண்டாம் நாள் முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மட்டும் மெதுவாக விடுங்கள். இந்தச் சின்ன என்ஜின்கள் சமதரையில் அப்படியே நடக்கிற வேகத்தில் நகரும். காலை இறக்கி வைத்துக்கொண்டே போங்கள், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை இடது கை மனப்பாடம் செய்யும்வரை அதையே செய்யுங்கள். மூணு நாளானாலும் சரி. அதற்குப் பிறகு காலை மேலே வைப்பது தானாக வரும்.

பிரேக்கில் ஒரே ஒரு பழக்கம்: ஹேண்டில் நேரான பிறகுதான் முன் பிரேக். திருப்பத்தில் மெதுவாகப் போகும்போது பின் பிரேக் மட்டும். செம்மண்ணிலும் அதுவே, திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே போன பிறகு எதையும் பிடிக்காமல் வாருங்கள். லைசென்ஸுக்கு எட்டு போட வேண்டும் இல்லையா, அதை வாசலில் கோலப்பொடியால் போட்டுக்கொள்ளுங்கள், மகளே போட்டுக் கொடுப்பாள். முதலில் பெரிய எட்டு, அப்புறம் சின்னது. கண் சக்கரத்துக்கு முன்னால் உள்ள தரையைப் பார்க்கக் கூடாது, அடுத்த வளைவைப் பார்க்க வேண்டும், கண் போகிற பக்கம்தான் வண்டி போகும்.

எல்எல்ஆர் முதலில் எடுத்துவிடுங்கள், விண்ணப்பிக்கும்போது கியர் உள்ள வண்டி என்றே போடுங்கள், அதை வைத்துப் பின்னால் ஸ்கூட்டரும் ஓட்டலாம். 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும், எல்எல்ஆர் 6 மாதம் செல்லும், அவசரப்படத் தேவையில்லை. ஆனால் லைசென்ஸ் கையில் வரும்வரை மகளைப் பின்னால் ஏற்றக் கூடாது. சட்டமே அப்படித்தான், எல்எல்ஆர் உள்ளவர் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர யாரையும் ஏற்ற முடியாது. அவள் அழுதாலும் பரவாயில்லை, அந்தச் சில வாரங்கள் ஆச்சி வீட்டிலேயே இருக்கட்டும். பிறகு ஏற்றும்போது அவள் தலைக்கும் அளவான ஹெல்மெட் வேண்டும், 4 வயதுக்கு மேல் எல்லோருக்கும் கட்டாயம். உங்கள் ஹெல்மெட்டை வாங்கும்போது கொண்டையை அவிழ்த்துத் தாழப் பின்னிக்கொண்டு போய் மாட்டிப் பாருங்கள், கொண்டையோடு பார்த்தால் ஒரு அளவு பெரிசாக வாங்கிவிடுவீர்கள்.

லைசென்ஸ் வந்ததும் முதல் தடவை காரைக்குடிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்வாருங்கள், திங்கட்கிழமை வேண்டாம், சந்தை நாள், நெரிசல் தாங்காது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது, வண்டியை நினைத்தாலே கால் கூசுகிறது என்று. எனக்கும் ரெண்டு வருஷம் கூசியது. எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வாருங்கள், அம்மாவையும் மகளையும் கூட்டிவாருங்கள். ஒரு ஷைனும் ஒரு ஸ்பிளெண்டரும் நிறுத்தி வைக்கிறேன், என்ஜின் போடாமல், சும்மா உட்கார்ந்து பார்க்க மட்டும். வேலைக்குப் போடுகிற செருப்பை மறக்காமல் போட்டு வாருங்கள்.